ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதியது

இரத்தம் எடுப்பவரின் முகத்தை ஊரே நினைவில் வைத்திருக்கும். எடுத்த இரத்தத்தை உட்கார்ந்து பார்ப்பவளை அவளுடைய மனேஜருக்குக்கூடச் சரியாகத் தெரியாது. நான் இரண்டாவது வகை. அரசாங்க ஆஸ்பத்திரி லாப்பில் முப்பத்தொரு வருடம், பென்ஷன் எடுத்தபின் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் லாப்பில் ஆறு வருடம். மைக்றஸ்கோப்பின் மேல் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நீங்களும் ஒரு தரமாவது எங்களிடம் வந்திருப்பீர்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருக்கும் சீனி வியாதிப் படத்தை ஏழாம் தரம் வாசித்திருப்பீர்கள். கடைசியில் கையில் தந்த தாளில் இருபது எண்கள் இருந்திருக்கும். சிலவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஒன்றும் விளங்காமல் நாலாக மடித்துப் பையில் வைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த எண்களைப் பற்றி இல்லை. தாளின் ஓரத்தில் நான் கையால் எழுதிய சில வரிகளைப் பற்றியும், ஒரு தரம் எழுதாமல் விட்டதைப் பற்றியும்.

கண் இல்லாத கெட்டிக்காரன்

எங்கள் லாப்பில் ஒரு மெஷின் இருக்கிறது. டியூபை வைத்தால் ஒரு நிமிடத்தில் சிவப்பணு எத்தனை, வெள்ளையணு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று துப்பிவிடும். எண்ணுவதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அதற்குக் கண் கிடையாது. சிவப்பணு வட்டமாக இருக்கிறதா, நெளிந்திருக்கிறதா, அதன் மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டால் சொல்லாது. அதற்குப் பழைய வழிதான். கண்ணாடி ஸ்லைட்டில் ஒரு துளி, இன்னொரு ஸ்லைட்டால் ஒரே இழுப்பு, காயவைத்துச் சாயம், பிறகு என் கண்.

சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டொக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் ஒரு ஸ்லைட் இழுத்துவிடுவேன். அரசாங்கத்தில் பழகிய கெட்ட பழக்கம். மனேஜருக்கு அது பிடிக்காது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ரிப்போர்ட் பத்து நிமிடம் பிந்தினால் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, சாயத்தில் ஊறிக்கிடந்த ஸ்லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மிஸ், கோழிக்கறி கேட்ட ஆளுக்கு நாங்கள் ஏன் ஆட்டுக்கறியும் சேர்த்துக் குடுக்கவேணும்?”

ஓட்டோவில் முளைத்த முள்

எங்கள் லாப்புக்கு நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில், ஒரு சின்ன அறை இருக்கிறது. மருந்துக் கடையோடு ஒட்டியது. அங்கே பஹீமா இரத்தம் எடுப்பாள். எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து சுனில் தன் ஓட்டோவில் ஏற்றுவார். தெமட்டகொடையில் கொஞ்சம், பம்பலப்பிட்டியில் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிடுவார். வரவேண்டும். ஒருநாள் ஊர்வலம் ஒன்றில் மாட்டி, ஐஸ் கரைந்து, ஆறு மணித்தியாலம் கழித்து வந்தார்.

அந்தப் பெட்டியில் ஓர் இரும்புக்கடை முதலாளியின் இரத்தம் இருந்தது. மக்காவுக்கு உம்றா போகுமுன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர். மெஷின் ஏதோ சந்தேகக்குறி போட்டது. ஸ்லைட்டைப் பார்த்தேன். சிவப்பணு எல்லாம் முள் முள்ளாக, ரம்புட்டான் பழம் மாதிரி. சிறுநீரகம் கெட்டால் அப்படி வரும். உடனே ஓரத்தில் எழுதினேன்: முள் செல்கள், சிறுநீரகத்தைப் பார்க்கவும். டியூபிலேயே அதிக நேரம் வெக்கையில் கிடந்தாலும் இரத்தத்துக்கு இதே முள் முளைக்கும் என்பது முதல் வருடப் பாடம். முப்பது வருடம் வார்டுக்குப் பக்கத்து அறையில் இருந்து பழகியவளுக்கு அது மறந்துபோயிற்று.

முதலாளிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். சிறுநீரகம் தங்கம். நாலாம் நாள் வெள்ளவத்தைக்கே வந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நான் எழும்பி நின்றேன். அவர் ஏசவில்லை.

“மூணு நாளா பொஞ்சாதியோட ஒரு வார்த்தை கோவமாப் பேசல்ல மிஸ். இப்ப அவ அதுக்குப் பழகிட்டா. இனி நான் என்ன செய்ற?”

எழுதாமல் விட்ட முள்

இதை வாசித்துச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் சிரிக்க முடியாதது. கொட்டாஞ்சேனைப் பெட்டியில் முள்ளைக் கண்டால், “சுனிலின் ஓட்டோ” என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போகத் தொடங்கினேன். சூடு கண்ட பூனை ஆனேன்.

ஷெரின் என்று ஒரு பிள்ளை. ஏழு வயது. எட்டு மாதத்தில் மூன்று தரம் அவளுடைய இரத்தம் வந்தது. மூன்று தரமும் இரத்தச் சோகை. மூன்று தரமும் முள். மூன்று தரமும் நான் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. மெஷின் தந்த எண்ணைப் பார்த்து டொக்டர் இரும்புச்சத்துப் பாணி மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தரம் ரிப்போர்ட் போன பிறகு பஹீமா கோல் எடுத்தாள். அந்தப் பிள்ளை வளரவே இல்லை, போன வருடத்துச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு வருகிறாள் என்றாள். ஃபோனை வைத்துவிட்டு, அதே பெட்டியில் வந்த மற்றப் பிள்ளைகளின் ஸ்லைட்டுகளை எடுத்தேன். அதே ஓட்டோ, அதே வெக்கை, அதே நேரம். எல்லாம் அழகான வட்டம். ஷெரினுடையது மட்டும் முள். பக்கத்து ஸ்லைட்டைப் பார் என்பது எவ்வளவு சின்ன வேலை. பஹீமாவுக்குத் திருப்பி எடுத்துச் சொன்னேன்.

“அப்ப மூணு தரமும் ஒங்களுக்குத் தெரிஞ்சா இரிந்திச்சு மிஸ்?”

ஏழு மணி ஸ்லைட்

என் வீடும் கொட்டாஞ்சேனைதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு நாலு ஸ்லைட்டை டிஷூவில் சுற்றிக்கொண்டு பஹீமாவின் அறையில் போய் நின்றேன். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவற்றை நான் கேட்பதில்லை.

ஷெரினைத் தாய் டெல்ஃபின் கூட்டிவந்தாள். அவளுக்கு வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஐந்து மாதம். தகப்பன் அன்டனுக்குத் துறைமுகத்தில் வேலை. பிள்ளைகளுக்கென்று பஹீமா வைத்திருக்கும் தாழ்ந்த கதிரையில் இருந்தும் ஷெரினின் கால் தொங்கியது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தரை எட்டவேண்டும். விரலில் குத்தி, டியூப் ஒன்றும் இல்லாமல் நேரே ஸ்லைட்டில் துளியை இழுத்தேன். “உன்ட இரத்தத்தை நீயே காயவை” என்று தாயின் கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்தேன். விசிறினாள். வீட்டில் எப்படி என்று கேட்டேன். ராவுல நாலைந்து தரம் எழும்பி மூத்திரம் போகிறாள், போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கிறாள், பள்ளிக்கூடப் படி ஏற மூச்சு வாங்குகிறது என்றாள் டெல்ஃபின். எட்டு மாதமாக ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

ஸ்லைட்டில் எதைப் பார்க்கப் போகிறேன் என்று ஷெரின் கேட்டாள். சில பேருடைய செல்லுக்கு ரம்புட்டான் மாதிரி முள் இருக்கும், உனக்கும் இருக்கா என்று பார்க்கப்போகிறேன் என்றேன். விசிறுவதை நிறுத்தாமல் யோசித்தாள்.

“முள்ளு இருந்தா உள்ளுக்குக் குத்தாதா மிஸ்?”

இரண்டு பேரும் பார்க்காதது

வெள்ளவத்தை வழியாகப் போகும் இரத்மலானை பஸ்ஸில் ஸ்லைட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒருவர் கைப்பையை என் மடியில் வைக்கப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் எடுத்துவிட்டார். ஒன்பது மணிக்குச் சாயம் போட்டாயிற்று. விரலில் இருந்து நேரே வந்த இரத்தம், ஓட்டோவைக் காணாத இரத்தம். அதிலும் முள்.

டொக்டருக்குக் கோல் எடுத்தேன். மருந்துக் கடைக்கு மேலே இருப்பவர். காலையில் மட்டும் அறுபது பேரைப் பார்ப்பார். நான் கேட்டது செல் கவுண்ட் மட்டும்தானே என்றார். ஓம் டொக்டர், நீங்கள் கேட்காததைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றேன். “மிஸ், நீங்க மைக்றஸ்கோப்பைப் பாருங்க, நான் பிள்ளையைப் பார்க்கிறன்” என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “டொக்டர், எட்டு மாசமா நீங்க பிள்ளையைப் பார்க்கேல்லை, நான் மைக்றஸ்கோப்பைப் பார்க்கேல்லை. ரெண்டு பேரும் பார்க்காதபடியாத்தான் அவளுக்கு இண்டைக்கு மூச்சு வாங்குது” என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. முன்னால் இருந்த நோயாளியைக் கொஞ்சம் காத்திருக்கவைத்தார். பிறகு சொன்னார்:

“யூரியா, கிரியேட்டினின் எழுதுறன். பிள்ளையை இப்பவே வரச்சொல்லுங்க, லைன்ல நிக்கவேணாம்.”

ஃபோர்மில் இடமில்லை

சிறுநீரகத்தின் எண்கள் வந்தன. அவற்றை இங்கே எழுத மனமில்லை. அன்றைக்கே பிள்ளைகளின் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சிறுத்துப்போயிருந்தன. இனி அவை வளரா. மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, இரத்தம் ஊறுவதற்கு வாராவாரம் ஊசி. இருக்கிற கொஞ்சத்தை எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்பதுதான் இனிக் கேள்வி என்றார்கள். எட்டு மாதம் முந்தியிருந்தால் இருந்ததில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இதை ஆஸ்பத்திரியில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

அந்தக் கிழமை மனேஜர் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார். அனுமதி இல்லாமல் வேலைத்தலம் மாறியது, கேட்காத பரிசோதனை செய்தது, டொக்டரோடு மரியாதையில்லாமல் கதைத்தது. மூன்றும் உண்மை. பதிலில் “மூன்றையும் செய்தேன், நாளைக்கும் செய்வேன்” என்று எழுதி, பென்ஷன்காரியை வேலையால் நிறுத்துவதென்றால் ஒரு வாரத்துக்கு முன் சொல்லுங்கள், லாப்பில் வேலை செய்யும் இளம் பிள்ளைகளுக்கு ஸ்லைட் பார்க்கப் பழக்கிவிட்டுப் போகிறேன் என்று சேர்த்தேன். பிறகு அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து மைக்றஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தேன். பத்து வருடமாக லாப் நடத்துகிறவர். அதற்குள் கண்ணை வைத்தது அன்றுதான். முதலில் ஷெரினுடையதைப் பார்த்தார். பிறகு சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“வடிவாத்தான் தெரியுது மிஸ். ஆனா இதை எழுத எங்கட ஃபோர்மில இடமில்லை.”

நீலப் புள்ளி

இடமில்லாவிட்டால் ஓரம் இருக்கிறது. அன்றிலிருந்து கிழமையில் மூன்று நாள் ஏழு மணிக்குப் பஹீமாவின் அறையில் இருந்து, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஸ்லைட் இழுத்துக்கொண்டுதான் வெள்ளவத்தைக்கு வருவேன். மனேஜர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த மாதம் டெல்ஃபின் தன்னுடைய கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தாள். பஹீமா டியூபில் எடுத்தபின், நான் விரலில் இருந்து ஒரு துளி வாங்கினேன். வெள்ளவத்தையில் சாயம் போட்டுக் கண்ணை வைத்தால், சிவப்பணுக்களில் நீலப் புள்ளி. ஒன்று இரண்டு இல்லை. ஊற்றுப்பேனையை உதறினால் வெள்ளைச் சட்டையில் தெறிக்குமே, அந்த மாதிரி. சுனில் மத்தியானம் கொண்டுவந்த அவளுடைய டியூபில் இருந்தும் ஒன்று இழுத்துப் பார்த்தேன். அதில் புள்ளிகள் மங்கி, தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க டியூபில் போடும் மருந்து அப்படிச் செய்யும். டியூபை மட்டும் பார்த்திருந்தால் விட்டிருப்பேன்.

அப்படி ஒரு ஸ்லைட்டைக் கடைசியாகப் பார்த்தது அரசாங்க லாப்பில், பழைய பற்றரி உடைக்கும் ஒருவருடைய இரத்தத்தில். பரம்பரை இரத்தக் குறைபாட்டிலும் அந்தப் புள்ளி வரும். ஈயம் உடம்பில் ஏறினாலும் வரும். ஈயமென்றால் தாயோடு நிற்காது, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும், மூளை முளைக்கும் நேரத்தில் போகும். ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: நீலப் புள்ளிகள் உண்டு, ஈயம் பார்க்கவும். கர்ப்பிணிக் கிளினிக்கின் டொக்டர் ஒரு சின்னப் பெண், தானாகவே எனக்குக் கோல் எடுத்தாள். பரம்பரைக் குறைபாட்டுக்கும் பார்க்கிறேன், ஈயத்துக்கும் அனுப்புகிறேன் என்றாள். ஆனால் குரலில் நம்பிக்கை இல்லை.

“மிஸ், இவங்க வீட்டிலதானே இருக்கிறாங்க. ஃபெக்டரி ஒண்டுக்கும் போறதில்லை. ஈயம் எங்கயிருந்து வரும்?”

பல்

முடிவு வர நாள் எடுக்கும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நாள் கிடையாது. நோயாளியிடம் முடிவைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஞாயிறு காலை பூசை முடிந்து நேரே டெல்ஃபின் வீட்டுக்குப் போனேன். தோட்டம் என்று பெயர், ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள், அதில் இரண்டு அறை. முன் அறை நிறைய வலை.

அன்டன் லீவு நாட்களில் வீச்சு வலை கட்டி முகத்துவாரத்து மீன்காரருக்குக் கொடுப்பவர் என்று அப்போதுதான் தெரிந்தது. வலையின் விளிம்பு தண்ணீரில் தாழ்வதற்கு ஈயக்குண்டு கோக்க வேண்டும். தெமட்டகொடையில் உடைத்த பற்றரி ஈயம் வாங்கி, குசினி அடுப்பில் பழைய சோற்றுச் சட்டியை வைத்து உருக்கி, அச்சில் ஊற்றுவார். கோக்கிறது டெல்ஃபின். என்னோடு கதைத்தபடியே வலையை மடியில் இழுத்துப்போட்டு, வாய் திறந்த ஒரு குண்டை நூலில் மாட்டினாள். பிறகு அதை வாயில் வைத்துக் கடைவாய்ப் பல்லால் கடித்து மூடினாள். துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தாள். நாளைக்கு இருநூறு, முந்நூறு. குறடு இல்லையா என்று கேட்டேன். குறடு நூலை வெட்டிப்போடும், பல்லென்றால்தான் பதம் தெரியும் என்றாள்.

நான் வலையை அவள் மடியில் இருந்து எடுத்துக் கீழே போட்டேன். காரணத்தைச் சொன்னேன். அனுமதி இருந்ததா என்று கேட்காதீர்கள். அன்டனுக்குக் கோபம் வந்தது. “எங்கட அப்பாவும் பல்லாலதான் கடிச்சவர் மிஸ். அவருக்கு ஒண்டும் நடக்கல்ல” என்றார். “உங்கட அப்பா வயித்தில பிள்ளை சுமக்கல்ல” என்றேன். டெல்ஃபின் குழாயடிக்குப் போய் நாலு தரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். புருஷனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“வலையையும் சட்டியையும் இப்பவே வெளியில எடுங்க. இல்லாட்டி நான் பிள்ளையளோட வெளியில போறன்.”

கேட்கக்கூடாத கேள்வி

ஈயத்தின் முடிவு வந்தது. கூடத்தான் இருந்தது. பரம்பரைக் குறைபாடு எதுவும் இல்லை. கிளினிக்கில் கல்சியமும் இரும்பும் கொடுத்து, அடிக்கடி இரத்தம் பார்த்தார்கள். அன்டன் வீட்டை ஈரத்துணியால் துடைத்து, குசினிச் சுவருக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்தார். வலை கட்டுவதை விட்டுவிட்டார். ஷெரினுக்கும் ஈயம் பார்த்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் இருந்தது.

ஒருநாள் காலை, பஹீமா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து டெல்ஃபின் கேட்டாள். “மூத்தவள் வயித்தில இருக்கும்போதும் நான் ஈயம் கடிச்சனான். அப்ப அவளுக்கு இப்படி வந்ததும் என்னாலயா?” இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பொய் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அவளிடம் ஏற்கனவே மூன்று தரம் பேசாமல் இருந்துவிட்டேன். டொக்டர்மாரிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியாது, பிள்ளைகளின் சிறுநீரகம் இப்படிச் சிறுக்க நூறு காரணம் இருக்கிறது, ஏழு வருடத்துக்குப் பிறகு எது என்று சொல்ல ஆளில்லை என்றேன். பிறகு தெரிந்ததையும் சொன்னேன். “உன்ட பிள்ளையிட முள்ளை மூண்டு தரம் பார்த்திட்டு எழுதாம விட்டது நான். அது மட்டும் நிச்சயம்.”

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். இரத்தம் எப்போதோ நின்றுவிட்டது, ஆனாலும் அழுத்தினாள். ஏசட்டும் என்று இருந்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நாலாம் தரமாவது பார்த்தீங்களே எண்டு நான் சொல்ல மாட்டன் மிஸ். ஆனா இந்தப் பிள்ளை பிறந்தா அதிட ரத்தத்தை நீங்கதான் பார்க்கவேணும். வேற ஆக்கள் வேணாம்.”

வட்டம்

பையன் பிறந்து இரண்டு மாதத்தில் நாலு பேரும் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். அன்டன் மனேஜருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். எங்கள் ஃபோர்மில் இப்போது “குறிப்பு” என்று ஒரு பெட்டி இருக்கிறது. மனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் அச்சடித்துவிட்டார். முத்திரை அளவு. நான் இன்னும் ஓரத்தில்தான் எழுதுகிறேன்.

குதிக்காலில் குத்தி ஒரு துளி. ஷெரின் கேட்காமலே கொப்பியை எடுத்து விசிறினாள். சாயம் போட்டு முதலில் நான் பார்த்தேன். ஒரு ஸ்லைட்டுக்கு ஐந்து நிமிடம் என்பது என் கணக்கு. அன்று முக்கால் மணித்தியாலம். நீலப் புள்ளி அகப்படவில்லை. புள்ளி இல்லையென்றால் ஈயம் இல்லையென்று அர்த்தமில்லை. அதற்கான இரத்தம் வேறாகப் போய், தாயுடையதை விடக் குறைவு என்று வந்தது. குறைவுதான், இல்லை என்று இல்லை. அவன் நடக்கும்வரை, கதைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றார்கள். பார்ப்போம். எனக்கு வேறு என்ன வேலை.

ஷெரின் தானும் பார்க்கவேண்டும் என்றாள். உயரக் கதிரையில் ஏற்றி விட்டேன். ஊசி போடத் தொடங்கியபின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது, ஆனால் இன்னும் கால் எங்கேயும் எட்டாது. தம்பியுடையதைப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு எடுத்த தன்னுடையதை வைக்கச் சொன்னாள். மாற்றி மாற்றி நாலு தரம் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். தாய் என் முகத்தைப் பார்த்தாள்; நான் எழுதாமல் விட்டதை அவள் வீட்டில் மறைக்கவில்லை. பிள்ளை அழுவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். அவள் கண்ணை எடுக்காமலே, வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்:

“முள்ளு இருக்கிறது நான். வட்டம் தம்பி. பேரை மாத்தாம எழுதுங்க மிஸ், இந்தத் தரம் எழுதாம விடவும் கூடாது.”

முப்பத்தேழு வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என் ரிப்போர்ட்டில் பிழை பிடித்திருக்கிறார்கள், அதில் நான் எதிர்த்துக் கதைக்காமல் “சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது கால் தரையை எட்டாத அந்த ஒருத்திக்குத்தான்.